உழைப்பாளியின் பிள்ளைக்கு ஆடுகளம் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை காலையில் உடுமலைப்பேட்டையைச் சுற்றியுள்ள எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். அறுவடை முடிந்த காட்டிலோ, தண்ணீர் வற்றிய குளத்திலோ, வீட்டு மனையென்று கல் நட்டு விற்காமல் கிடக்கும் சைட்டிலோ மூன்று குச்சிகளை ஊன்றிக்கொண்டு நமது பிள்ளைகள் பந்து வீசிக்கொண்டிருப்பார்கள். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்த மில் தொழிலாளி ஒருவன். தென்னந்தோப்பில் தேங்காய் உரிப்பவரின் மகன் ஒருவன். பனியன் கம்பெனியில் வாரமெல்லாம் கைமடித்துவிட்டு வந்தவன் ஒருவன். கையில் இருப்பது டென்னிஸ் பந்து. காலில் செருப்புக்கூட இராது. ஆனால் பந்து மட்டும் சீறிக்கொண்டு போகும்.

இந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

"கூலி உயர்வைப் பற்றியும் போனஸைப் பற்றியும் எழுத வேண்டிய பத்திரிகைக்குக் கிரிக்கெட் எதற்கு? அது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, இப்போது கோடிகளை ஏலம் விடும் வியாபாரம்" என்று சில தோழர்கள் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானதே. வியாபாரம் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வியாபாரத்தின் நடுவில் நின்று பந்து வீசுகிறவன் யார்? அவன் எங்கிருந்து வந்தான்? எந்தக் கதவுகள் அவனுக்கு மூடியிருந்தன? இவற்றை நாம் பேசாவிட்டால் வேறு யாரும் பேசப் போவதில்லை.

சுரங்கத் தொழிலாளியின் மகன் ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். அவர் உமேஷ் யாதவ்.

நாகபுரிக்கு வடக்கே வல்னி என்றொரு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. சர்க்காருக்குச் சொந்தமான மேற்கு நிலக்கரிக் கம்பெனி நடத்தும் சுரங்கம் அது. உத்தரப் பிரதேசத்தின் தேவரியா ஜில்லாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஒருவர் அங்கே தொழிலாளியாகச் சேர்ந்தார். அவருடைய மகன்தான் 1987 அக்டோபரில் பிறந்த உமேஷ். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளை. சுரங்க வேலை என்னவென்று தமிழனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோலார் தங்க வயலில் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே இறங்கிப் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் நமது வட ஆற்காட்டு மக்கள். பஞ்சுத் தூசி நமது நெஞ்சில் படிவதுபோல், கரித்தூசி அவர்கள் நெஞ்சில் படிகிறது.

உமேஷுக்குச் சிறு வயதில் இருந்த ஆசை பெரிதல்ல. போலீசில் கான்ஸ்டபிள் வேலை கிடைத்தால் குடும்பம் தலைநிமிரும் என்பதே. முயன்றார், கிடைக்கவில்லை. இருபது வயதை நெருங்கும்வரை அவர் வீசியதெல்லாம் டென்னிஸ் பந்துதான். கல்லூரி அணியில் இடம் கேட்டபோது, எந்தக் கிளப்பிலும் ஆடியதில்லை என்று சொல்லி அவரைச் சேர்க்கவில்லை. கிளப்பில் ஆட வேண்டுமானால் பந்து வேண்டும், பூட்ஸ் வேண்டும், பஸ் செலவுக்குப் பணம் வேண்டும். சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைக்கு அவை எங்கிருந்து வரும்? பிறகு விதர்பா ஜிம்கானா என்ற கிளப் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கேதான் முதன்முதலாகத் தோல் பந்தைக் கையில் பிடித்தார்.

அதன் பின் நடந்தவை வேகமாக நடந்தன. 2008 நவம்பரில் விதர்பா அணிக்காக ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம். 2010-ல் இந்திய அணிக்காக ஒரு நாள் ஆட்டம். 2011 நவம்பரில் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் டெஸ்ட். விதர்பாவிலிருந்து டெஸ்ட் ஆடிய முதல் வீரர் அவரே. 2015 உலகக் கோப்பையில் 18 விக்கெட்டுகளை வீழ்த்தி இந்திய வீச்சாளர்களில் முதலிடம் பெற்றார். 2018 அக்டோபரில் ஐதராபாத் டெஸ்டில் பத்து விக்கெட். 2019 ஜனவரியில், நமக்கு அருகிலுள்ள வயநாட்டில், ரஞ்சி அரையிறுதியில் கேரள அணியின் 12 விக்கெட்டுகளை அவர் ஒருவரே சாய்த்தார். அந்த வருஷம் கோப்பையும் விதர்பாவுக்கே வந்தது.

2022 ஜூலையில் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் கவுண்டி அவரைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. கவுண்டி என்பது அந்நாட்டில் நமது ஜில்லாவைப் போன்றது. பதினெட்டுக் கவுண்டிகளின் பெயரில் அங்கே முதல் தர அணிகள் இருக்கின்றன. மிடில்செக்ஸின் சொந்தக் களம் லண்டனில் உள்ள லார்ட்ஸ் மைதானம். பிரபுக்களும் சீமான்களும் உட்கார்ந்து உலகத்தின் கிரிக்கெட்டுக்கெல்லாம் சட்டம் எழுதிய இடம் அது. வல்னிச் சுரங்கத் தொழிலாளியின் மகன் அந்த மைதானத்து அணிக்குப் பந்து வீசினார். 2023-ல் எசெக்ஸ் கவுண்டிக்கும் ஆடினார். அந்த வருஷம் ஜூன் மாதம் வரை அவர் ஆடிய டெஸ்டுகள் 57. வீழ்த்திய விக்கெட்டுகள் 170. கான்ஸ்டபிள் வேலை கிடைக்காத அதே மனிதருக்கு 2017-ல் ரிசர்வ் வங்கி நாகபுரியில் உதவி மேலாளர் பதவி கொடுத்தது.

கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. நாமும் மகிழ்கிறோம். ஆனால் இந்தக் கதையைப் பெரிய பத்திரிகைகள் சொல்லும்போது கடைசியில் ஒரு நீதியை ஒட்டிவிடுகிறார்கள். "பார்த்தீர்களா? திறமை இருந்தால் போதும், உழைத்தால் எவனும் உயரலாம்" என்கிறார்கள். இந்த நீதியை நாம் ஏற்க முடியாது.

எவனும் உயரலாம் என்றால், உயராதவன் உழைக்காதவன் என்று அர்த்தமாகிறது. மூன்று ஷிப்ட் ஓடும் மில்லில் இருபது வருஷம் சைடு பார்த்தவன் உழைக்காதவனா? விடிவதற்கு முன் காட்டுக்குப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்பும் விவசாயத் தொழிலாளிப் பெண் உழைக்காதவளா? கல்லூரி வாசலில் உமேஷைத் திருப்பி அனுப்பியபோது, இரண்டாவதாக ஒரு கதவு தற்செயலாகத் திறந்தது. அந்தக் கதவும் திறந்திராவிட்டால்? அதே கை, அதே வேகம். ஆனால் உலகம் அவர் பெயரைக் கேட்டிராது. அப்படிப் பெயர் தெரியாமல் போன கைகள் எத்தனை என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் பெரிய பத்திரிகைகள் சொல்வதில்லை. இந்நாட்டு நிலக்கரிச் சுரங்கங்கள் ஒரு காலத்தில் தனியார் கையில் இருந்தன. 1972-லும் 1973-லும் அவை நாட்டுடைமை ஆயின. அதன் பின்னர் கூலி தேசிய அளவில் தொழிற்சங்கங்களோடு பேசி ஒப்பந்தமாகத் தீர்மானிக்கப்பட்டது. நிரந்தர வேலை, மாதச் சம்பளம், குடியிருப்பு, வாரத்தில் ஓய்வு நாள் என்பவை தொழிலாளியின் உரிமைகளாயின. அவை யாரும் மனமிரங்கிக் கொடுத்தவையல்ல. சங்கம் வைத்துப் போராடிப் பெற்றவை. அந்தச் சம்பளம் ஏராளமானதாக இருந்ததில்லை. ஆயினும் அடுத்த மாதம் அடுப்பு எரியும் என்ற நிச்சயம் இருந்தது. அந்த நிச்சயம் இருக்கும் வீட்டில்தான், "பத்து வயதில் வேலைக்குப் போ" என்று சொல்லாமல் பிள்ளையை ஆட விட முடியும். அந்த நிச்சயமும் இன்று கரைகிறது. ஒப்பந்தக் கூலி முறை சுரங்கத்துக்குள்ளும் வந்துவிட்டது. 2020 ஜூனில் தனியார் வணிகத்துக்காக நிலக்கரிச் சுரங்கங்களை ஏலம் விடத் தொடங்கினார்கள்.

உயர்ந்துவிட்டால் தொழிலாளியின் கவலை தீர்ந்துவிடுமா? இங்கிலாந்திலேயே நடந்த பழைய கதை ஒன்று அதற்குப் பதில் சொல்லும்.

நாட்டிங்காம்ஷயர் கவுண்டி நிலக்கரிப் பூமி. அங்கே சுரங்கத் தொழிலாளியின் மகனாக 1904-ல் பிறந்தவர் ஹரால்ட் லார்வுட். 14 வயதில் சுரங்கத்துக்குள் போய்க் கரி வண்டி இழுக்கும் மட்டக் குதிரைகளோடு வேலை செய்தார். 18 வயதில் கவுண்டி அணி அவரைச் சோதித்துச் சேர்த்துக்கொண்டது. 1926-ல் இங்கிலாந்துக்காக ஆடினார். அன்றைய உலகில் அவருடைய வேகத்துக்கு ஈடு சொல்ல ஆள் அரிது. அவரோடு ஜோடியாக வீசிய பில் வோஸும் அதே நாட்டிங்காம்ஷயர் சுரங்கத்திலிருந்து வந்தவரே.

அந்நாளில் இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் இரண்டு ஜாதிகள் இருந்தன. கூலி வாங்காமல் ஆடுவதாகச் சொல்லிக்கொண்ட "கனவான்கள்" ஒரு ஜாதி. கூலிக்கு ஆடிய "ஆட்டக்காரர்கள்" மறு ஜாதி. உடை மாற்றும் அறை வேறு, களத்துக்கு இறங்கும் வாசல் வேறு. ஆட்டப் பட்டியலில் பெயர் அச்சிடும் முறையும் வேறு. கனவானின் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால், ஆட்டக்காரனுடையது பெயருக்குப் பின்னால். தலைவன் பதவி கனவானுக்கே உரியது. இந்த வேற்றுமையை 1962-ல்தான் ஒழித்தார்கள். டீக்கடையில் இரட்டை டம்ளரைக் கண்ட நமது விவசாயத் தொழிலாளர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

1932-33-ல் இங்கிலாந்து அணி ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று. தலைவர் டக்ளஸ் ஜார்டீன் என்ற கனவான். பம்பாயில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்தவர். பிராட்மனை அடக்குவதற்காக, அடிப்பவரின் உடம்பை நோக்கிப் பந்து எழும்பும்படி வீசச் சொல்லித் திட்டம் வகுத்தவர் அவர். திட்டப்படி வீசியவர் லார்வுட். 33 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இங்கிலாந்து தொடரை வென்றது. அடிப்பவர்களுக்குக் காயம் பட்டது. ஆஸ்திரேலியா கொதித்தது, இரண்டு நாடுகளின் உறவே கசந்தது. அந்த முறை அபாயமானது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் குற்றச் சுமையை யார் தலையில் வைத்தார்கள்?

லார்வுட் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். "தலைவர் சொன்னதைச் செய்தேன், நான் எதற்கு மன்னிப்புக் கேட்பது?" என்ற நிலையில் அவர் உறுதியாக நின்றார். அதன் பின் இங்கிலாந்துக்காக ஒரு டெஸ்டுகூட அவர் ஆடவில்லை. உத்தரவிட்டவரோ மறு வருஷமே இந்தியாவுக்கு வந்த இங்கிலாந்து அணிக்குத் தலைவராக இருந்தார். 1934 பிப்ரவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆடினார். ஜார்டீன் தாமாக லார்வுட்டைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைவிட்டது மேலிடம். மில்லில் மேஸ்திரி சொல்லி இயந்திரத்தை ஓட்டியவன் மீது, விபத்து நடந்தபின் மெமோ கொடுக்கும் அதே மேலிடப் புத்திதான் அங்கும் வேலை செய்தது.

லார்வுட் பின்னாளில் பிளாக்பூல் நகரில் ஒரு மிட்டாய்க் கடை வைத்துப் பிழைத்தார். 1950-ல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்கே குடியேறினார். எந்த ஜனங்கள் மைதானத்தில் அவரைத் தூற்றினார்களோ, அவர்களே அண்டை வீட்டாராக அவரை வரவேற்றார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் 1993-ல்தான் ஒரு பட்டம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 88. இரண்டு வருஷத்தில் இறந்துவிட்டார்.

தூர தேசத்துக் கதைகளை விட்டு நமது ஜில்லாக்களுக்கு வருவோம். சேலம் ஜில்லாவில் சின்னப்பம்பட்டி என்ற ஊர். நடராஜன் அந்த ஊரில் பிறந்தவர். தந்தை நெசவுக் கூலி. தாய் சாலை ஓரத்தில் கோழிக்கறிக் கடை வைத்தவர். அவரும் இருபது வயதுவரை டென்னிஸ் பந்தோடுதான் இருந்தார். 2020-ல் வலைப் பயிற்சிக்குப் பந்து வீசும் துணை ஆளாக ஆஸ்திரேலியாவுக்குப் போனார். மற்றவர்களுக்குக் காயம் படவே, ஒரு நாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம், டெஸ்ட் மூன்றிலும் அந்த ஒரே பயணத்தில் அடியெடுத்து வைத்தார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார். அந்த டெஸ்டை இந்தியா வென்றது.

ஊருக்குத் திரும்பிய நடராஜன் என்ன செய்தார் தெரியுமா? தம்முடைய ஊரில் பிள்ளைகளுக்காக ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் அது திறக்கப்பட்டது. அவரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். அதே சமயம் கேட்கிறோம்: ஊருக்கு ஒரு மைதானம் அமைக்க வேண்டியது யாருடைய கடமை? ஒரு கூலித் தொழிலாளியின் மகன் உலகம் சுற்றிச் சம்பாதித்து வந்தால்தான் அவன் ஊருக்கு மைதானம் உண்டு என்றால், அப்படி ஒரு மகன் பிறக்காத ஊர்கள் என்ன செய்யும்?

உமேஷ், லார்வுட், நடராஜன் மூவரின் வாழ்க்கையும் நமக்குச் சொல்வது ஒன்றே. உழைப்பாளி வீட்டில் வலுவான கைகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் இரண்டுக்குத்தான். ஒன்று நேரம், மற்றொன்று நிலம்.

நேரத்தைப் பாருங்கள். எட்டு மணி நேர வேலை என்பது சிக்காகோ தொழிலாளர்கள் ரத்தம் சிந்திய கோரிக்கை. நம் நாட்டிலும் 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. ஆனால் 2023 ஏப்ரல் 21-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. மே தினத்தன்று மசோதா வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். அது நமது வெற்றி. ஆனால் சட்டத்தில் வராத பன்னிரண்டு மணி நேரம் எத்தனையோ கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் என்ற பெயரில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கூலி போதாததால் தொழிலாளியே அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்றவனுக்குப் பந்தை எடுக்கக் கை வருமா? அல்லது மகனை மைதானத்துக்கு அழைத்துப் போகக் கால் வருமா?

பெண்களின் நிலை இதைவிட மோசம். மில் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம் பெண்கள் விடுதியிலிருந்து மில்லுக்கும் மில்லிலிருந்து விடுதிக்குமாகவே வயதைக் கழிக்கிறார்கள். அவர்களில் ஓடுகிறவள் இல்லையா? பந்து வீசுகிறவள் இல்லையா? கேட் பூட்டியிருக்கும்போது யார் கண்டுபிடிப்பது?

நிலத்தைப் பாருங்கள். பிள்ளைகள் ஆடிய புறம்போக்கு ஆக்கிரமிப்பில் போகிறது. ஆடிய காடு சைட்டாகிறது. மழை பெய்து குளம் நிரம்பினால் ஆட்டம் நின்றது. சில ஊர்களில் பொது நிலத்திலும் எந்தத் தெருப் பிள்ளை இறங்கலாம், எந்தத் தெருப் பிள்ளை இறங்கக் கூடாது என்ற கொடுமை இன்னும் தலைகாட்டுகிறது. நூறு வருஷத்துக்கு முன்பே இதை எதிர்த்து நின்றவர் பல்வங்கர் பாலு. தாழ்த்தப்பட்ட ஜாதியில் பிறந்து, பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பின் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை செய்தவர். ஆட்டத்தின் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே வைத்து, தனி மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். அந்த பாலுதான் 1911-ல் இங்கிலாந்து சென்று, கவுண்டி அணிகளுக்கு எதிராக ஆடிய அந்தப் பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். தேநீரைத் தனியாக வைத்தவர்கள் விக்கெட்டுகளைத் தனியாக எண்ணவில்லை.

ஆகவே நாம் கேட்பது பிச்சையல்ல. சில நியாயமான காரியங்களையே கேட்கிறோம்.

ஊராட்சிதோறும் ஒரு பொது மைதானத்துக்கு நிலம் ஒதுக்கி, அதை விற்கவோ மாற்றவோ முடியாதபடி பதிவு செய்ய வேண்டும். அந்த மைதானத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் சம உரிமை இருக்க வேண்டும். தொழிலாளர் நல நிதி என்று வருஷந்தோறும் நமது சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அந்தப் பணத்தில் மில் பகுதிகளில் விளையாட்டு இடமும் சாதனங்களும் பயிற்சி சொல்பவர்களும் வர வேண்டும். கிராமத்துச் சர்க்கார் பள்ளிகளில் காலியாக இருக்கும் உடற்பயிற்சி ஆசிரியர் இடங்களை நிரப்ப வேண்டும். அணிக்கு ஆள் தேடுகிறவர்கள் நகரத்துக் கிளப்போடு நின்றுவிடாமல் குளத்துக்கும் காட்டுக்கும் வர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையாக, எட்டு மணி வேலைக்கே குடும்பம் நடத்தப் போதுமான கூலியும் சம்பளத்துடன் வார ஓய்வும் ஆணுக்கும் பெண்ணுக்கும் உறுதியாக வேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் ஆடுவதை வீண் வேலை என்று ஒதுக்காதீர்கள். ஆடும் நிலத்துக்காக மனு எழுதுங்கள். கிராம சபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள். மே தினத்தை ஒட்டி மில்லுக்கு மில், ஊருக்கு ஊர் பந்தயம் நடத்துங்கள். ஓய்வு நேரம் கேட்பது சோம்பலுக்காக அல்ல என்பதை அந்தக் களத்தில் எல்லோரும் பார்க்கட்டும்.

வல்னியின் கரித்தூசியிலிருந்து ஒருவர் லார்ட்ஸ் வரை போனார். அந்தப் பெருமை அவருடையது. அவருக்குப் பின்னால் போக முடியாமல் நின்றுவிட்ட ஆயிரக்கணக்கானவர்களின் கணக்கைக் கேட்கும் பொறுப்பு நம்முடையது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குள் பந்து வீசும் பிள்ளையைப் பார்த்தால், "வெயிலில் என்ன ஆட்டம்?" என்று அதட்டாதீர்கள். நின்று இரண்டு ஓவர் பாருங்கள். பிறகு, இவன் ஆட இந்த ஊரில் ஓர் இடம் வேண்டும் என்று ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், சேர்ந்து போங்கள்.